மியூனிக்கிலிருந்து ஒரு நாள் பயணம்: ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போது

கோடையில் பெற்றோரை வரவழைத்திருக்கும் மியூனிக் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். வார நாட்களில் நாம் ஆபீஸுக்குப் போய்விடுகிறோம். அவர்கள் பால்கனியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சனி, ஞாயிறு வந்தால்தான் அவர்களுக்கு ஜெர்மனி. அந்த ஒரு நாளில் நாலு இடம் காட்டிவிட வேண்டும் என்று அலைக்கழிக்காதீர்கள். ஒரு ஏரி, ஒரு படகு, நிழலில் உட்கார்ந்து ஒரு சாப்பாடு, அவ்வளவு போதும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மலையைவிடத் தண்ணீர்தான் தோது.

முதலில் டிக்கெட். நம்மிடம் பெரும்பாலும் நாடு முழுக்க உள்ளூர், வட்டார வண்டிகளில் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கும் (2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2026இல் 63). அது மாதச் சந்தா என்பதால், சில வாரங்களுக்கு வருகிறவர்களுக்கு, பவேரியா மாநிலத்துக்கான ஒரு நாள் டிக்கெட்டான பயர்ன் டிக்கெட்தான் வசதி. ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை போகலாம். வார நாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் நள்ளிரவிலிருந்தே செல்லும். நகரத்து டிராம், யூ-பான் (சுரங்க ரயில்) எல்லாம் இதிலேயே அடங்கும். எல்லோருடைய பெயரும் டிக்கெட்டில் இருக்க வேண்டும். ஐசிஇ, ஐசி போன்ற விரைவு வண்டிகளில் மட்டும் ஏறக்கூடாது.

மியூனிக் தலைமை நிலையத்தில் ஒன்றைக் கவனியுங்கள். 5 முதல் 10 வரையும், 27 முதல் 36 வரையும் உள்ள பிளாட்பாரங்கள் பிரதான கூடத்திலிருந்து தள்ளி, இரு பக்கமும் ஒதுங்கி இருக்கும். வயதானவர்களோடு போகும்போது அந்த நடைக்கே தனியாகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

முதல் வாரத்துக்கு நான் சொல்வது டேகர்ன்ஸே ஏரி. ஒரு மணி நேரம்தான், வண்டி மாற வேண்டாம். ஆனால் அந்த வண்டி வழியில் பிரியும். ஹோல்ட்ஸ்கிர்ஷனில் ஒரு பகுதி கழன்று பைரிஷ்செல் பக்கம் போகும்; மிச்சம் ஷாஃப்ட்லாஹில் மறுபடி இரண்டாகி, ஒன்று லெங்க்ரீஸுக்கும் ஒன்று டேகர்ன்ஸேவுக்கும் போகும். ஏறுமுன் பெட்டிப் பலகையில் ஊர்ப் பெயரைப் பாருங்கள். கழிப்பறைக்கு எழுந்து போகிறவர்களும் அதே பகுதிக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். இறங்கிச் சற்று நடந்தால் ஏரி. படகில் ரோட்டாஹ்-எகர்ன் வரை போய் வந்தால் மாலை ஆகிவிடும்.

இரண்டாவது கீம்ஸே ஏரி. பிரீன் நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு, கோடையில் 1887 முதல் ஓடும் குட்டி ரயில் உண்டு. இரண்டாம் லூட்விக் மன்னர் வெர்சாய் மாதிரி கட்டத் தொடங்கி, 1886இல் அவர் இறந்ததால் பாதியில் நின்ற அரண்மனை, ஏரிக்குள் இருக்கும் ஹெரன்தீவில் இருக்கிறது. துறையிலிருந்து இருபது நிமிட நடை. முடியாதவர்களுக்குக் குதிரை வண்டி. எல்லோரும் அதே மன்னர் கட்டிய நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குத்தான் போகச் சொல்வார்கள். 2025இல் இரண்டுமே யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னங்களாகிவிட்டன. ஆனால் நொய்ஷ்வான்ஸ்டைனில் டிக்கெட்டை முன்பே எடுக்க வேண்டும், குறித்த நேரத்துக்குள் மேடேற வேண்டும், கூட்டமும் நெரியும். பெற்றோரோடு என்றால் என் ஓட்டு கீம்ஸேவுக்கே.

நேரம் இருந்தால் கட்டாயம் கோனிக்ஸே. பிரைலாசிங்கில் மாறி பெர்ஷ்டெஸ்காடன், அங்கிருந்து பஸ். எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். 1909 முதல் இந்த ஏரியில் மின்சாரப் படகுதான், அதனால் சத்தமே இருக்காது. நடுவில் ஒரு பாறைச் சுவருக்கு எதிரே படகை நிறுத்துவார்கள். படகுக்காரர் ஓரக் கதவைத் திறந்து, ஊதுகொம்பை எடுத்து ஒரு வரி வாசித்துவிட்டுப் பொறுத்திருப்பார். அந்த வரி பாறையில் பட்டு அப்படியே திரும்பி வரும். என் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாரோ அந்தப் பக்கம் உட்கார்ந்து வாசிக்கிறாங்களாடி?" என்று கேட்டார். சீக்கிரம் கிளம்பிப் போங்கள். பதினோரு மணிக்கு மேல் போனால் படகுக்கு நீண்ட வரிசை.

சால்ஸ்பர்க் வரையும் பயர்ன் டிக்கெட் செல்லும். அது ஆஸ்திரியா என்பதால் பாஸ்போர்ட்டும், நாம் வசிப்பிட அனுமதி அட்டையும் அசலாகவே எடுத்துப் போக வேண்டும். திரும்பும் வழியில் போலீஸ் ஏறிப் பார்ப்பதுண்டு. பெற்றோருக்கு ஒற்றை நுழைவு ஷெங்கன் விசாவாக இருந்தாலும் பயமில்லை. ஷெங்கனுக்குள் போய் வருவது வெளியேறியதாகக் கணக்காகாது.

சாப்பாட்டுக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையும் இரவு 8 மணியோடு சரி. மருந்துக் கடைகளிலும் முறை வைத்து ஒன்றிரண்டுதான் திறந்திருக்கும். பிரஷர், சுகர் மாத்திரைகளைக் கைப்பையிலேயே வையுங்கள். கட்டுச்சோறு கட்டத் தயங்கவே வேண்டாம். பியர்கார்டனில் (மர நிழலில் மேஜை போட்ட திறந்தவெளி பியர் கடை) நம் சாப்பாட்டை நாமே கொண்டுபோய்ச் சாப்பிடுவது 1812இல் இருந்து வரும் பவேரிய வழக்கம். விரிப்பு போடாத மேஜையாகப் பார்த்து உட்காருங்கள். குடிக்க மட்டும் அங்கே வாங்க வேண்டும், ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்த ஷோர்லே இருக்கிறது. கஷ்கொட்டை மர நிழலில் புளியோதரையும் வடகமும் பிரித்துவைத்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பக்கத்து மேஜைக்காரர்களும் வீட்டிலிருந்து ரொட்டியும் முள்ளங்கியும் கொண்டுவந்திருப்பார்கள்.

ஐம்பது சென்ட் நாணயங்கள் சிலவற்றைக் கழிப்பறைக்கென்று வைத்திருங்கள். வார இறுதியில் தண்டவாள வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். முந்தின இரவே ஆப்பில் பார்த்துவிடுங்கள். கடைசிப் படகு நேரத்தைத் துறைப் பலகையில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் நாளில் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை திரும்பும் வண்டிகளில் சைக்கிளும் கூட்டமுமாக இருக்கும். நாலு மணி வண்டியைப் பிடித்தால் அப்பா அம்மாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைக்கும்.