காவலரிடம் தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள்

காவல்துறை அதிகாரிகளே, தொற்றுநோய்க் காலத்தில் பணி முடிந்து கிளம்பும் காவலரிடம் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினீங்க? வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி குளிக்க, உடை மாத்த வசதி இருக்கா?" என்று கேளுங்கள்.

முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நல்லா இருக்கேன் சார்." மனம் சரியில்லை என்றால் பலவீனம் என்று நினைப்பார்களோ, பதிவேட்டில் ஏறிவிடுமோ என்ற பயம். தூக்கத்தைப் பற்றிச் சொல்ல அந்தக் கூச்சம் இல்லை. மன அழுத்தம் பலருக்குத் தூக்கத்தைத்தான் முதலில் கெடுக்கும். அடுத்த கேள்வி, வீட்டுக்கு நோயைக் கொண்டுபோய்விடுவோமோ என்ற கவலையைத் தொடுகிறது. கேட்டதோடு நிற்காமல் மறுநாள் பணி நேரத்தையாவது மாற்றிக் கொடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை உண்மையான பதில் வராது.

மரணங்களைக் கண்ணெதிரே பார்த்துவிட்டு வந்தவரிடம், நடந்ததை விவரிக்கச் சொல்லிக் கிளற வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2011 உளவியல் முதலுதவிக் கையேடும் பேசச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் இந்தக் கேள்விகள் போதாது: அவரைத் தனியே விடாதீர்கள், துப்பாக்கியை வாங்கி வையுங்கள், உடனே மனநல மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள்.