.32 பிஸ்டல் வாங்கும் முன்: எதை எதோடு ஒப்பிடுவது?

சிவகங்கையிலோ புதுக்கோட்டையிலோ மனுப் போட்டு, போலீஸ் விசாரணையும் பயிற்சிச் சான்றிதழும் முடிந்து, உரிமம் கைக்கு வந்துவிட்டவர்களுக்கான குறிப்பு இது. உரிமம் வாங்கும் வழி இதில் இல்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வீடியோக்களில் ஒப்பிடப்படும் பிஸ்டல்களில் பெரும்பாலானவை 9 மி.மீ. இந்தியாவில் அது தடைசெய்யப்பட்ட போர் (bore, குழல் அளவு). சாதாரண உரிமதாரருக்குப் பெரும்பாலும் கிடைப்பது .32 (7.65 × 17 மி.மீ.), இல்லாவிட்டால் .22. குறி பழக மட்டும் என்றால் .22 போதும். மற்றவர்கள் .32 பக்கம்தான் வரவேண்டும்.

அதிலும் கடையில் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, அரசு ஆயுதத் தொழிற்சாலையின் அஷானி. இன்னொன்று, பொதுமக்களுக்கான இறக்குமதி 1980களின் நடுவில் அடைபடுவதற்கு முன் வந்த வால்தர், எஃப்.என்., கோல்ட், செக் நாட்டு சி.இசட். போன்றவை. இந்த இறக்குமதிகளில் எது கிடைத்தாலும் குறைந்தது முப்பத்தைந்து, நாற்பது வயது. ஆகவே மாடலை மாடலோடு ஒப்பிடுவதைவிட, உங்கள் முன் வைக்கப்பட்ட துப்பாக்கியை அதே மேசையில் இருக்கும் இன்னொன்றோடு ஒப்பிடுவதே பயன்தரும்.

1. காலி செய்தல்

கடைக்காரர் "காலிதான்" என்று சொன்னாலும் நீங்களே பாருங்கள். குழல் ஆளில்லாத பக்கம், விரல் டிரிகருக்கு வெளியே. முதலில் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டி) கழற்ற வேண்டும், அதன் பிறகுதான் ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் பகுதி) இழுக்க வேண்டும். வரிசை மாறினால், உள்ளிருந்த தோட்டா வெளியே தெறிக்கும். மேகசினிலிருந்து அடுத்தது அறைக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) ஏறிவிடும். பிறகு மேகசினைக் கழற்றி என்ன பயன்? அறையைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தொட்டும் உறுதிசெய்யுங்கள்.

2. ஸ்லைடும் கையும்

.32 பிஸ்டல்களில் பெரும்பாலும் குழல் சட்டத்தோடு (ஃபிரேம், பிடியுள்ள அடிப்பகுதி) நிலையாக இருக்கும். பூட்டு அமைப்பு கிடையாது. வெடிப்பின் உதையை ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும்தான் தாங்குகின்றன. அதனால் தோட்டா சிறியதானாலும் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். அறுபது வயதைத் தாண்டிய கைக்கு இது பெரிய பிரச்சினை. தொடர்ந்து பத்துமுறை இழுத்துப் பாருங்கள். ஏழாவது முறையில் கட்டைவிரல் வழுக்கினால் அந்தப் பிஸ்டல் உங்களுக்கு இல்லை. வால்தர் பி.பி. போல வெளியே ஹேமர் (ஊசியை அடிக்கும் சுத்தியல்) உள்ளதில், ஹேமரை முன்பே பின்னுக்குத் தள்ளிவிட்டு இழுத்தால் பாரம் குறையும். எஃப்.என். 1910-இல் ஹேமரே இல்லை, ஸ்ட்ரைக்கர்தான் (ஸ்பிரிங்கால் தானே பாய்ந்து அடிக்கும் ஊசி). அந்த வசதி அதில் கிடையாது.

பி.பி.கே. எல்லாருக்கும் ஆசை. குழல் 83 மி.மீ., மேகசினில் 7 தோட்டா. பி.பி.யில் 98 மி.மீ., 8 தோட்டா. சதைப்பிடிப்பான கையாக இருந்தால், பி.பி.கே.யின் ஸ்லைடு பின்னே வரும்போது கட்டைவிரல் இடுக்கைக் கீறிவிடும். சட்டைப்பையில் வைக்கத் தேவை இல்லாதவர் பி.பி.யை எடுப்பதே நல்லது என்பது என் கருத்து. இரண்டிலும் முதல் இழுப்பு நீளம், கனம், அடுத்தவை லேசு. பழக்கமில்லாதவரின் முதல் குண்டு குறிக்குக் கீழே போவதற்கு இந்த வித்தியாசமும் ஒரு காரணம்.

3. மேகசின்

பிராண்டைப் பார்த்துப் பணம் கொடுப்பவர்கள் ஏமாறும் இடம் இது. .32 தோட்டாவின் அடிவிளிம்பு அதன் உடலைவிடக் கொஞ்சம் அகலம். மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு, கீழே உள்ளதன் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால் மேல் தோட்டா முன்னே நகராது. மேகசினைத் தட்டி ஸ்லைடை இழுப்பதால் இது சரியாகாது. மேகசினைக் கழற்றி, மெல்லிய குச்சியால் தோட்டாக்களை அழுத்தித்தான் விடுவிக்க வேண்டும்.

நிரப்பும்போது ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். மேகசின் உதடுகள் (தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல்வாய்) விரிந்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, சரியாக நிரப்பிய தோட்டாவும் அதிர்வில் இடம் மாறும். கடையில் டம்மி தோட்டா (மருந்தில்லாத, வெடிக்காத தோட்டா) கேளுங்கள். முழுக்க நிரப்பி, ஸ்லைடைக் கையால் இழுத்து இழுத்து எல்லாவற்றையும் வெளியே தள்ளுங்கள். இப்படி மூன்று சுற்று. ஒரே இடத்தில் இரண்டுமுறை சிக்கினால் மேகசின்மேல் சந்தேகப்படலாம்.

பழைய மாடலுக்கு அசல் மேகசின் கிடைப்பது அரிது. பட்டறையில் அடித்த நகலை நம்ப வேண்டாம். ஒரே மேகசினோடு வரும் அழகான வால்தரா, இரண்டு நல்ல மேகசினோடு வரும் கீறல் விழுந்த சி.இசட்.டா என்றால், நான் சி.இசட். பக்கம். புதிய அஷானிக்கு இருக்கும் பெரிய சாதகமும் இதுதான்.

4. குழல், ஸ்பிரிங், விசை

குழலின் பின்பக்கம் வெள்ளைத் தாளைப் பிடித்து முன்னிருந்து பார்க்கலாம், ஸ்லைடு கழன்றிருக்கும்போது மட்டும். உள்ளே கறுப்பு வளையம் தெரிந்தால் எங்கோ குழல் வீங்கியிருக்கிறது, வேண்டாம். குழி குழியாகத் துரு இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

ஹேமரை ஏற்றி, சேஃப்டி போட்டு டிரிகரை அழுத்துங்கள். பிறகு டிரிகரை விட்டு, சேஃப்டியை எடுங்கள். அப்போது ஹேமர் விழுந்தால் உள்ளே தேய்ந்திருக்கிறது. (வால்தர் பி.பி., பி.பி.கே.யில் சேஃப்டி போட்டதுமே ஹேமர் இறங்கும். அது பழுதல்ல, அமைப்பே அப்படி.) ஏற்றிய ஹேமரைக் கட்டைவிரலால் முன்னே தள்ளினாலும் விழக்கூடாது. வெறும் அறையில் திரும்பத் திரும்ப டிரிகரை அடித்தால் பழைய ஊசி ஒடியும்; இதற்கும் டம்மி தோட்டா வேண்டும்.

5. காகிதம்

சட்டம், ஸ்லைடு, குழல் மூன்றிலும் உள்ள எண்களைப் பார்த்து, விற்பவரின் உரிமத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்பாருங்கள். தனியாரிடம் வாங்கினால், விற்பவர் கலெக்டருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற முடியும். முன்பணம் கொடுத்துவிட்டுத் துப்பாக்கியை அன்றே காரில் எடுத்து வருவது குற்றம்.

ஐயா காலத்துப் பிஸ்டல் வீட்டில் இருந்தால் வாங்கவே தேவைப்படாமல் போகலாம். 2016 விதிகளின்படி, உரிமதாரர் காலமானாலும், 70 வயதை எட்டினாலும், அல்லது 25 ஆண்டு வைத்திருந்தாலும் வாரிசு தன் பெயருக்கு மனுப் போடலாம். காலமாகிவிட்டார் என்றால் பெட்டகத்தில் பூட்டிவைத்துக் காத்திருக்கக் கூடாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டு மனுவைப் பாருங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: டம்மியில் ஓடிய பிஸ்டல், நிஜத் தோட்டாவில் சிக்குவதாகப் பலர் சொல்கிறார்கள். குழிமுனைத் தோட்டா நீளத்தில் குட்டை. மேகசினுக்குள் முன்பின் நகர இடம் கிடைப்பதால் விளிம்பு மாட்டுவது கூடும். உருண்டை முனைத் தோட்டாவுக்கு மாறிப் பாருங்கள்.

இன்னொன்று: ஆண்டில் பாதி பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் பிஸ்டலை விட்டுவிட்டுச் சென்னைக்கோ மலேசியாவுக்கோ போகவேண்டாம், கடையில் ஒப்படைக்கலாம், கட்டணம் உண்டு. தோலுறையோடு கொடுத்தால் தோல் ஈரம் பிடித்து மழைக்காலத்துக்குள் துரு ஏறும். எண்ணெய் தடவி, துணியில் சுற்றிக் கொடுங்கள். ரசீதில் எத்தனை மேகசின் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.