வேலையிடத்து நலன்: டீக்கடை பெஞ்சில் தொடங்கித் தொழிலாக மாற்றுவது எப்படி?

கேரளத்தின் பாலக்காட்டுப் பக்கம், கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் முதலில் பேக்கிங், அப்புறம் ஸ்டோர், கடைசி மூன்று வருஷம் எச்.ஆர். உதவியாளர் என்று மொத்தம் ஒன்பது வருஷம் இருந்தேன். இப்போது தமிழ்நாடு-கேரள எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஐந்து கம்பெனிகளுக்குப் பணியாளர் நல வேலையைத் தனியாகச் செய்துகொடுக்கிறேன். "எப்படி ஆரம்பிச்சீங்க அக்கா, நானும் செய்யலாமா?" என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். செய்யலாம். நான் போன வழியை அப்படியே எழுதுகிறேன். வாட்ஸ்அப் குழு ஆரம்பிப்பது, எக்செல்லில் கூட்டல் போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: சான்றிதழுக்கு முன்னால் ஐந்து பேர்

எல்லோரும் முதலில் ஒரு கோர்ஸில் சேரப் போகிறார்கள். வேண்டாம். முதலில் ஐந்து பேரைச் சேருங்கள். எங்களுக்குக் காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும், கோயம்புத்தூர் பக்கம் போகிற பஸ் வர எப்படியும் நேரமாகும், அதுவரைக்கும் ஸ்டாப் பக்கத்து டீக்கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்போம். அங்கேதான் ஆரம்பித்தேன். கே.ஜி.சாவடியிலிருந்து வருகிற இரண்டு பேர், எட்டிமடை அக்கா ஒருத்தர், கஞ்சிக்கோட்டிலேயே இருக்கும் சேச்சிகள் இரண்டு பேர். வாரம் ஒரு நாள், புதன்கிழமை, அரை மணி நேரம். நாளை மாற்றாதீர்கள். ஒரே ஒருவர் வந்தாலும் உட்காருங்கள், ஏனென்றால் இரண்டு வாரம் வராமல் போனவர் மூன்றாவது வாரம் எட்டிப் பார்க்கும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

"மனநலம்" என்ற சொல்லை முதல் மாதம் எடுக்கவே எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். "அப்ப எனக்குப் பைத்தியம்னு சொல்றியா?" என்று எட்டிமடை அக்கா எழுந்துவிட்டார். அதற்கப்புறம் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நேத்து எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?" இந்த ஒரு கேள்வியிலிருந்து ஷிப்ட், தூக்கம், மாமியார், ஓ.டி. (கூடுதல் நேர வேலை) எல்லாம் தானாக வெளியே வரும்.

படி 2: உடம்பில் ஆரம்பியுங்கள்

எங்கள் பெஞ்சில் மூன்றாவது வாரமே தெரிந்துபோன விஷயம், ஐந்து பேரில் நான்கு பேர் வேலை நேரத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. கழிவறைக்குப் போக லைனை நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும், கேட்பதற்குக் கூச்சம். பாலக்காட்டு ஏப்ரல் வெயிலில் எட்டு மணி நேரம் ஒரு டம்ளர் தண்ணீரோடு நிற்கிறவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது?

இந்த வழியில் எனக்கு முன்னோடி பி. விஜி. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்தவர். அங்கே கடைகளில் நிற்கும் பெண்களுக்குக் கழிவறை இல்லை என்பதிலிருந்துதான் அவர் பெண்களைச் சேர்த்தார், அதுதான் 'பெண்கூட்டு' ஆனது. அப்புறம் உட்காரும் உரிமை கேட்டார்கள். கேரளம் 2018-ல் கடைகள் சட்டத்தைத் திருத்தி அதைக் கொடுத்தது, 2021-ல் தமிழ்நாடும் திருத்தியது. 2018-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் விஜி இருந்தார். அவர் கையில் எந்த ஆப்பும் இல்லை, எந்த வெல்னஸ் பட்டயமும் இல்லை, பேசிப் பேசித்தான் ஆட்களைச் சேர்த்தார்.

இங்கே ஒரு விஷயம் கவனம்: இந்தத் திருத்தங்கள் கடைகளுக்கு. தொழிற்சாலைக்குத் தனிச் சட்டம், நின்றே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார ஏற்பாடு வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டம் 1948-ன் 44-ஆம் பிரிவிலேயே இருந்தது, இப்போது வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. தப்பான சட்டத்தைச் சொல்லிக்கொண்டு மேனேஜரிடம் போனால் அந்த ஒரு காரணத்தை வைத்தே அனுப்பிவிடுவார்கள்.

நாங்கள் கேட்டது சின்னது. லைனுக்கு இரண்டு ஸ்டூல், கேட்காமலேயே போகலாம் என்று இரண்டு இடைவேளை. ஆறு வாரத்தில் கிடைத்தது. பெஞ்சுக்கு வருகிறவர்கள் ஐந்திலிருந்து பதினாறு ஆனது அதற்கப்புறம்தான்.

படி 3: அளப்பது (நான் தடுக்கி விழுந்த இடம்)

இதை மட்டும் மெதுவாகப் படியுங்கள்.

கம்பெனியிடம் பேச ஒரு எண் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் டபிள்யூஎச்ஓ-5 என்ற அளவுகோல் எனக்கு இன்றைக்கும் பிடித்தது. 1998-லிருந்து இருக்கிறது. இலவசம், ஐந்தே வாக்கியம். கடந்த இரண்டு வாரத்தில் மனசு உற்சாகமாக இருந்ததா, அமைதியாக இருந்ததா, சுறுசுறுப்பாக உணர்ந்தேனா, தூங்கி எழும்போது தெளிவாக இருந்ததா, அன்றாடம் எனக்குப் பிடித்த விஷயங்கள் இருந்தனவா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. கூட்டினால் 25, நாலால் பெருக்கினால் 100-க்கு மதிப்பெண். ஒருவருக்கு 50-ம் அதற்குக் கீழும் வந்தால் டாக்டரைப் பார்த்து மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பேர் எழுத வேண்டாம் என்று சொல்லித்தான் படிவம் கொடுத்தேன். எல்லோருக்கும் புரியட்டும் என்று மலையாளம், இந்தி, தமிழ் மூன்றிலும் அச்சடித்தேன். பெருமையாகவும் இருந்தது. பிரிவு வாரியாகப் பிரித்து, நிரப்பிய தாள்களோடு ஃபைலில் வைத்தேன். ஒரு பிரிவில் பதினோரு பேர். ஐந்து மலையாளத் தாள், ஐந்து இந்தித் தாள். தமிழ்த் தாள் ஒன்றே ஒன்று.

அந்த ஃபைல் எச்.ஆர். மேசையிலிருந்து சூப்பர்வைசர் மேசைக்குப் போனது. மறுநாள் காலை லைனில் எல்லோர் முன்னாலும் அவர் கேட்டாராம்: "எந்தா, ராத்திரி உறக்கம் கிட்டுன்னில்லே?" ராத்திரி தூக்கம் வரவில்லையா என்று. அந்த ஒரே தமிழ்த் தாளை நிரப்பிய அக்காவிடம்தான் கேட்டார், தூக்கத்துக்கு 0 போட்டிருந்தது அவர்தான். பேர் இல்லை, ஆனால் மொழி காட்டிக்கொடுத்துவிட்டது. புதன்கிழமை அவர் பெஞ்சுக்கு வரவில்லை. பஸ்ஸில் என்னைப் பார்த்து முன்பக்கம் போய் நின்றுகொண்டார். அவரோடு சேர்ந்து ஆறு பேர் வராமல் நின்றார்கள். அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், அதை அவர் ஏற்றுக்கொள்ள இரண்டு மாதம் ஆனது, அந்த இரண்டு மாதமும் எனக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய தண்டனை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எல்லை ஊரில் ஒருவர் பேசுகிற மொழியே அவருடைய அடையாள அட்டை. தமிழ்நாட்டின் உள்ளே இருப்பவர்களுக்கு இது கையெழுத்தாக வரும், வயதுக் கட்டமாக வரும், "பிரிவில் ஒரே பெண்" என்று வரும்.

இப்போது நான் செய்வது இது. தாளே கிடையாது. ஒரு மஞ்சப் பையும் புளியங்கொட்டையும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒவ்வொருவர் கையிலும் ஐந்து கொட்டை. வாக்கியத்தை மூன்று மொழியிலும் வாசிப்பேன். எப்போதும் அப்படி இருந்தது என்றால் ஐந்தையும், இல்லவே இல்லை என்றால் ஒன்றும் போடாமலும், மூடிய கையைப் பைக்குள் விட்டு எடுக்க வேண்டும். மிச்சத்தை அதே போல இன்னொரு பையில். ஐந்து வாக்கியம் முடிந்ததும் முதல் பையைக் கொட்டி எண்ணினால் போதும். போன மாதம் ஒரு கம்பெனியில் பதினான்கு பேர், 161 கொட்டை. 161-ஐ 14-ஆல் வகுத்தால் 11.5, நாலால் பெருக்கினால் 46. யார் எத்தனை போட்டார்கள் என்று எனக்கே தெரியாது, ஆகவே என்னிடமிருந்து யாரும் பிடுங்கவும் முடியாது.

இதற்கு ஒரு விலை உண்டு. தனி ஆளுடைய நிலை தெரியாமல் போகிறது, அந்த 50 என்ற கோடு தனி ஆளுக்கானதே தவிர சராசரிக்கானது அல்ல. வாய்விட்டு வாசித்துச் செய்வதால் வேறு ஊர் எண்ணோடு ஒப்பிடவும் கூடாது, அதே கூட்டத்தின் மூன்று மாதத்துக்கு முந்தைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். பத்துப் பேருக்குக் குறைவான பிரிவுக்குத் தனி எண் கொடுக்கவே மாட்டேன், மேனேஜர் எத்தனை முறை கேட்டாலும்.

கூகுள் ஃபார்ம் வேண்டாமா என்றால், வேண்டாம். லைனில் போன் அனுமதி இல்லை, பாதிப் பேருக்கு மகன்தான் நிரப்பிக் கொடுப்பான். ஆபீஸ் ஆட்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள், மின்னஞ்சல் சேகரிக்கும் அமைப்பை அணைத்துவிட்டு.

படி 4: நீங்கள் யார் இல்லை என்பது

நீங்கள் மனநல மருத்துவர் இல்லை. கவுன்சிலர் என்றும் அட்டையில் போடாதீர்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்ல ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு வேண்டும். பெஞ்சில் ஒருவர் "இருந்து என்ன ஆகப்போகுது" என்று சொன்னால், அறிவுரை சொல்லாமல் கேளுங்கள், தனியாக விடாதீர்கள், 14416-க்குப் பக்கத்தில் உட்கார்ந்து போன் போடுங்கள். அது மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், 2022 அக்டோபர் 10-லிருந்து இருக்கிறது, இலவசம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணைக் குறைந்த மதிப்பெண் வந்தவர்களுக்கு மட்டும் என்று கொடுக்காதீர்கள். கூட்டம் முடிகிறபோது அத்தனை பேருக்கும் ஒரு அட்டை.

மூன்று நாளில் வெல்னஸ் கோச் ஆக்குகிறோம் என்கிற பயிற்சிகளுக்குக் காசு கட்டாதீர்கள். காசு இருந்தால் மனநல முதலுதவிப் பயிற்சிக்குப் போங்கள், இல்லாவிட்டால் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்தும் இணையவழிப் பயிற்சிகளைப் பாருங்கள். வேலையாகவே இதில் போக வேண்டும் என்கிற சின்னவர்களுக்கு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணியில் முதுகலைப் படிப்பு) நல்ல வழி.

படி 5: காசு

முதல் கம்பெனியில் ஒரு நாள் பேச்சு கேட்பார்கள், மகளிர் தினத்துக்கு, கேக்கோடு. நான் ஒத்துக்கொள்வதில்லை. மூன்று மாதம், மாதம் இரண்டு முறை, முதலிலும் கடைசியிலும் கொட்டை எண்ணிக்கை, நடுவில் தொழிலாளர்கள் கேட்கிற ஒரு மாற்றத்தையாவது கம்பெனி செய்தாக வேண்டும். இதுதான் என் பேக்கேஜ். ஒப்பந்தத்தில் "தனி நபர் தகவல் எதையும் தர மாட்டேன்" என்ற வரி இருக்கும். அதை அடிக்கச் சொன்ன ஒரு இடத்தை விட்டுவிட்டேன், அந்த மாதம் வாடகைக்குக் கடன் வாங்கினேன், இன்று கேட்டாலும் விடத்தான் செய்வேன்.

உத்யம் பதிவு (சிறு தொழிலுக்கான மத்திய அரசுப் பதிவு) இலவசம், நீங்களே போட்டுக்கொள்ளலாம். எல்லை தாண்டிக் கேரளக் கம்பெனிக்கு பில் போட்டால் ஜிஎஸ்டி கட்டாயம் என்று என்னிடம் இரண்டு பேர் சொன்னார்கள். பொருள் விற்கிறவர்களுக்குத்தான் அந்தக் கவலை, சேவைக்கு வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் வெளிமாநில பில்லுக்கும் பதிவு வேண்டாம், 2017 அக்டோபரிலேயே அந்த விலக்கு வந்துவிட்டது. கம்பெனி பில்லில் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்தால் வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் சரிபாருங்கள்.

பின்சேர்க்கை

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்துவிட்டன. தொழிற்சாலையில் நல அதிகாரி வைக்க வேண்டிய எண்ணிக்கை 500 பேரிலிருந்து 250 ஆகியிருக்கிறது. வேலை தேடுகிறவர்கள் 250-க்கும் 500-க்கும் நடுவில் ஆள் இருக்கும் கம்பெனிகளை முதலில் போய்ப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணக் குழுவில் பெண்களுடைய எண் எல்லோருக்கும் தெரிகிறது என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். சரிதான். கம்யூனிட்டியாக ஆரம்பித்து அறிவிப்புப் பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள், அங்கே உறுப்பினர்களின் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது.

களியக்காவிளைப் பக்கமிருந்து ஒருவர் மஞ்சப் பைக்குப் பதில் எவர்சில்வர் தூக்குவாளியில் செய்து பார்த்திருக்கிறார். கொட்டை விழும்போது டங் டங்கென்று சத்தம் கேட்டு, யார் எத்தனை போட்டார்கள் என்று சுற்றி நின்றவர்கள் எல்லாம் எண்ணிவிட்டார்களாம். ஆகவே துணிப்பை மட்டும்தான், அடியில் ஒரு பழைய துண்டை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஆளுக்கு ஐந்து கொட்டை, ஐந்து வாக்கியத்துக்கு இருபத்தைந்து, இருபது பேர் என்றால் ஐந்நூறு. வெயிலில் நன்றாகக் காயவைத்து எடுத்துவையுங்கள், இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து அடுத்த எண்ணிக்கைக்குப் பையைத் திறக்கும்போது வண்டு இருக்கும்.