ஏடிஎம் பின் மறந்து மூன்று நாள்

போன வாரம் மேற்கு மாம்பலத்தில் ஏடிஎம்முக்குள் நின்றபடி மனைவி போன் செய்து, "பின் நம்பர் என்னங்க?" என்றாள். 9 வருடமாக நான் அடிக்கும் நம்பர், வாயில் வரவில்லை. உத்தேசமாகச் சொன்ன மூன்றும் தப்பு. கார்டு அன்றைக்கு முடங்கியது.

மறுநாள் பிறந்த வருடம், பழைய ஸ்கூட்டர் நம்பர் எல்லாம் எழுதிப் பார்த்தேன். டைரியிலும் இல்லை. அம்மா வல்லாரைத் துவையல் அரைத்தார். துவையல் நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

மனசு நினைவில் வைப்பது வேறு, கை பழகி வைப்பது வேறு. 1953இல் மூளை அறுவை சிகிச்சைக்குப் பின் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாமல் போனவர் ஹென்றி மொலைசன். ஆனாலும் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைவதில் நாளுக்கு நாள் தேறினார். முந்தின நாள் வரைந்ததே அவருக்கு ஞாபகம் இருக்காது.

சரி, விரலையே கேட்போம் என்று போன் கால்குலேட்டரில் அடித்தேன். தடுமாறியது. அப்புறம்தான் உறைத்தது: கால்குலேட்டரில் மேல் வரிசை 7-8-9, ஏடிஎம்மில் 1-2-3. டயல் பேட் ஏடிஎம் மாதிரியேதான். அதில் உட்கார்ந்து அடித்தேன், இரண்டு இலக்கத்தோடு நின்றது. எழுந்து, போனைச் சமையல் மேடையில் வைத்து, இடது கையால் மறைத்துக்கொண்டு, அம்மாவிடம் பால் பாக்கெட் பற்றிப் பேசிக்கொண்டே அடித்தேன். நான்கும் வந்துவிட்டன!

பணம் எடுத்தாயிற்று. மனைவி கேட்டால் இப்போதும் மேடையில் தட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.