கொழும்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் உலகப் பயணம்: ஒரு பெண் தயாராகும் முறை

1973 ஆம் ஆண்டு யூலை மாதம் ஆன்-பிரான்ஸ் டோட்வில் என்ற பிரெஞ்சுப் பெண் 125 சிசி கவாசாக்கி ஒன்றுடன் தனியே புறப்பட்டு, கனடா, அலாஸ்கா, ஜப்பான், இந்தியா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி எனக் கடந்து, ஏறத்தாழ 20,000 கிலோமீற்றர் ஓடி, அவ்வாண்டு நவம்பரில் பாரிஸ் திரும்பினார். விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதிக்கொண்டிருந்த அவர், அதற்கு முந்திய ஆண்டில் பாரிஸிலிருந்து ஈரானின் இஸ்பஹானுக்கு ஒரு பெருங்கூட்டத்தோடு சென்றபோது ஓட்டியது 200 கிலோவுக்கு மேல் நிறையுள்ள 750 சிசி மோட்டோ குஸி. துணைக்கு எவரும் இல்லாத பயணத்துக்கு அவர் எடுத்ததோ சிறிய வண்டி. கொழும்பிலிருந்து இப்படியொரு பயணத்துக்கு ஆயத்தமாக விரும்பும் பெண்களுக்கு நான் முதலில் எடுத்துக் காட்டுவது இந்தத் தெரிவைத்தான்.

வண்டியைத் தெரிவு செய்யும்போது வேகத்தையோ விலையையோ பார்க்குமுன், பெற்றோல் தாங்கியை நிரப்பி, பயணப் பொதிகளையும் கட்டி, அதைப் புற்றரையில் பக்கவாட்டில் படுக்க வைத்து, உங்களால் தனியே நிமிர்த்த முடிகிறதா என்று பாருங்கள். நிமிர்த்த முடியாத வண்டியோடு ஆளில்லாத வீதியில் போவது பிறர் தயவை நம்பிப் போவதாகும். 100 சிசிக்கு மேற்பட்டதை ஓட்ட, சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஏ1 போதாது, ஏ வகுப்பு வேண்டும் என்பதையும் இப்போதே கவனியுங்கள். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பல ஆண்டுகள் பழைய வண்டிகளையே பேணி ஓட்டிப் பழகிய ஊர் இது. ஆகவே நன்றாகப் பராமரிக்கப்பட்ட பழைய 125 அல்லது 150 சிசி வண்டியை எடுக்கத் தயங்க வேண்டாம். அதன் உதிரிப்பாகங்கள் கொழும்பின் உதிரிப்பாகக் கடைத்தெருவான பஞ்சிகாவத்தையில் கிடைக்கும், இந்தியாவிலும் பெரும்பாலும் கிடைக்கும்.

விழுந்த வண்டியை நிமிர்த்துவதில் பலத்தைவிட முறையே முக்கியம். எஞ்சினை நிறுத்தி, வண்டி உருளாதபடி கியரில் விடுங்கள். அது வலப்பக்கமாக விழுந்திருந்தால் இடப்பக்கத்துச் சைட் ஸ்டாண்டை முன்கூட்டியே இறக்கி வைத்தால், நிமிர்ந்த பின் மறுபக்கம் சாய்ந்துவிடாது. முன்சக்கரம் நிலத்தை நோக்கும்படி ஹேண்டிலை முழுமையாகத் திருப்பிய பிறகு, இருக்கைக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் கீழ்ப்பக்கத்து ஹேண்டில் பிடியையும் மறு கையால் பின்புறக் கம்பியையும் பற்றி, முதுகெலும்பை வளைக்காமல், கால்களின் வலுவால் சிறு சிறு அடியாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். நான் இதைக் கற்காமல்தான் முதன்முதலில் மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் போனேன். வீதியோரத்து மணலில் நிறுத்தியபோது ஸ்டாண்ட் புதைந்து வண்டி சரிந்தது. ஒரு மீன் வியாபாரி அண்ணன் வந்து கைகொடுக்கும்வரை, தாங்கியிலிருந்து பெற்றோல் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றேன். திரும்பி வந்த வாரமே தெகிவளையில் நண்பியின் வீட்டு முற்றத்தில் பழைய சாக்குகளை விரித்து, நாளுக்குப் பத்துத் தடவை என்று பயிற்சி எடுத்தேன். மூன்று வாரத்தில் அது கைவந்தது.

அடுத்தது பழுதுபார்த்தல். 1934 டிசெம்பரில் லண்டனிலிருந்து புறப்பட்டு, பக்கப்பெட்டியும் இழுவைப் பெட்டியும் பூட்டிய 600 சிசி பந்தர் மோட்டார் சைக்கிளில் சகாராவைக் கடந்து, 1935 யூலையில் கேப் டவுனை அடைந்த தெரேசா வாலக், புளோரன்ஸ் பிளெங்கிரன் ஆகிய இருவருள் வாலக் பொறியியல் படித்தவர். பாலைவனத்தில் எஞ்சின் கெட்டபோது உதவிக்கு அழைக்க எந்தக் கராஜும் இருக்கவில்லை. அவர்கள் அளவுக்குத் தேர்ச்சி எல்லோருக்கும் வாய்க்காது. ஆனாலும் சக்கரத்தைக் கழற்றி டியூப் ஒட்டிப் பூட்டுவது, செயினை இறுக்கி எண்ணெய் இடுவது, பிளக்கைச் சுத்தம் செய்வது, கிளச் கம்பியை மாற்றுவது, எஞ்சின் ஓயில் மாற்றுவது ஆகிய ஐந்தையும் பிறர் உதவியின்றிச் செய்யத் தெரியாமல் நாட்டைவிட்டுப் புறப்பட வேண்டாம். நீங்கள் வழக்கமாகப் போகும் கராஜில், சேவைக் கட்டணத்துக்கு மேலாக ஒரு தொகை தருவதாகச் சொல்லி, மெக்கானிக் பாஸ் அருகில் நிற்க நீங்களே கழற்றிப் பூட்ட அனுமதி கேளுங்கள். பெண் பிள்ளைக்கு இது எதற்கு என்று தொடக்கத்தில் கேட்பவர்களே, இரண்டாம் முறை போகும்போது நல்ல ஸ்பனராகத் தேடி எடுத்துத் தருவதை நான் கண்டிருக்கிறேன். டயரை விளிம்பிலிருந்து பெயர்ப்பதுதான் கடினம். ஒரு பக்கத்தை நெம்பும்போது அதற்கு நேரெதிர்ப் பக்கத்து டயர் ஓரத்தைச் சக்கரத்தின் நடுப்பள்ளத்துக்குள் முழங்காலால் அழுத்தி வைத்தால் பாதி வேலை குறையும்.

எரிபொருள் கணக்கைப் பற்றி எம்மவர்க்குச் சொல்லத் தேவையில்லை. 2022 யூலையில் எரிபொருள் தட்டுப்பாட்டால் கியூஆர் பங்கீட்டு முறை தொடங்கியபோது வாரத்துக்கு 4 லீற்றரில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய எவருக்கும் தமது வண்டி ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பது மனப்பாடம். பொதி ஏற்றிய நிலையில் அதே அளவை மீண்டும் எடுத்துக் குறித்து வையுங்கள். எதிர்க்காற்றிலும் மலையேற்றத்திலும் அது குறையும்.

இதன்பின் இலங்கையைச் சுற்றி ஒரு முன்னோட்டப் பயணம் அவசியம். கொழும்பிலிருந்து புத்தளம், மன்னார், சங்குப்பிட்டிப் பாலம், யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு, அங்கிருந்து மஹியங்கனை ஊடாகப் பதினெட்டு வளைவு மலைப்பாதையில் ஏறிக் கண்டி, பின் கடுகண்ணாவ இறக்கத்தால் கொழும்பு என்பது நான் பரிந்துரைக்கும் வழி. அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லாததால் பழைய பெருவீதிகளே உங்கள் பாதை. பூநகரித் திறந்த வெளியில் சோளகக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும்; பதினெட்டு வளைவில் பொதியின் பாரம் பின்னோக்கி இழுக்கும். இரண்டையும் ஊரிலேயே அனுபவித்து, கட்டிய கயிறு எங்கே தளர்கிறது, எந்தப் பொருளை ஒருமுறைகூட எடுக்கவில்லை என்று பார்த்து, எடுக்காததைப் பாதியாவது வீட்டில் விட்டுவிடுங்கள். மாலை 5 மணிக்குள் தங்குமிடம் சேரும் பழக்கத்தையும் இப்பயணத்திலேயே தொடங்குங்கள். மாதவிடாய் நாட்களில் ஓட்டும் தூரத்தை மூன்றில் ஒரு பங்காவது குறைப்பது நல்லது. கழிவறைக்குப் பெற்றோல் செட்டைவிடக் கோயில் மடங்களும் தேவாலயங்களும் எனக்கு நம்பகமாக இருந்திருக்கின்றன.

ஆவணங்களுக்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். காலிமுகத்திடலுக்கு அருகே இயங்கும், 1904 இல் தொடங்கப்பட்ட ஓட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோனில் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் பெறலாம். அது ஓராண்டுக்குச் செல்லுபடியாகும். வண்டிக்கான கடவுச்சீட்டு என்று சொல்லத்தக்க கார்னே புத்தகத்துக்கும் அங்கேதான் விசாரிக்க வேண்டும். வண்டியின் பெறுமதியையும் போகும் நாடுகளையும் பொறுத்து வைப்புப்பணமோ வங்கி உத்தரவாதமோ கேட்கப்படும் என்பதால், பயணச் செலவுக்கென வைத்த பணத்தை இதற்கென்று எண்ணிவிடாதீர்கள். கார்னேயின் ஒவ்வொரு தாளும் மூன்று துண்டுகள் கொண்டது: ஒன்றை நுழையும்போதும் இன்னொன்றை வெளியேறும்போதும் சுங்க அதிகாரி கிழித்தெடுப்பார், புத்தகத்தில் எஞ்சும் அடித்துண்டில் இரு முத்திரைகளும் இருக்க வேண்டும். வெளியேறும் முத்திரை விடுபட்டால், வண்டியை அந்நாட்டில் விற்றுவிட்டதாகக் கருதி வரி கேட்பார்கள். ஆபிரிக்கா, தென் அமெரிக்கா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் போட்டுக்கொள்ளலாம். சான்றிதழ் 10 நாட்களுக்குப் பின்னரே செல்லும்.

எல்லா ஆவணங்களையும் ஒரே பையில் வைப்பது பெரும் பிழை. 1982 இல் லண்டனிலிருந்து புறப்பட்டு, பிஎம்டபிள்யூ ஆர்60/6 வண்டியில் உலகைச் சுற்றி 1984 இல் திரும்பிய கட்டடக்கலை மாணவி எல்ஸ்பெத் பியர்ட், சிங்கப்பூரில் கடவுச்சீட்டையும் விசாக்களையும் வண்டியின் கப்பல் பத்திரங்களையும் ஒருசேரத் திருட்டில் இழந்து, அவற்றை மீளப் பெறுவதற்காகவே வாரக்கணக்கில் அங்கே தங்க நேர்ந்தது. அதற்கு முன் சிட்னியில் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் ஏழு மாதம் வேலை செய்து பணம் சேர்த்த காலத்தில், பூட்டக்கூடிய அலுமினியப் பெட்டிகளைத் தம் கையாலேயே செய்துகொண்டவர் அவர். அத்தனை கவனமானவருக்கே இது நடந்தது. மூலப்பத்திரங்களை உடலோடு ஒட்டிய துணிப்பையிலும், ஒரு பிரதியை வண்டியிலும், இன்னொன்றைக் கொழும்பில் அம்மாவிடமோ அக்காவிடமோ வையுங்கள்.

நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் பயணிகளுக்கானது. மோட்டார் சைக்கிளை அதில் கொண்டுபோக முடியாது. ஆகவே வண்டியைப் பெட்டியில் அடைத்து, கொழும்புத் துறைமுகத்திலிருந்து சரக்காகவே அனுப்ப வேண்டும். கட்டணம் பெரும்பாலும் பெட்டியின் கனவளவைப் பொறுத்தது என்பதால், முன்சக்கரத்தையும் கண்ணாடிகளையும் கழற்றி, ஹேண்டிலைத் தளர்த்திக் கீழே மடக்கினால் செலவு குறையும். பெற்றோலை முற்றாக வடித்து, பற்றரி இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். பெட்டியின் மரம் வெப்பமூட்டிப் பதப்படுத்தப்பட்டது என்பதற்கான சர்வதேச முத்திரை பலகையில் இருக்கிறதா என்று தச்சனிடம் கேட்டே வாங்குங்கள். அது இல்லாவிட்டால் மறுகரையில் பெட்டியையே நிறுத்தி வைப்பார்கள். கழற்றிய ஒவ்வொரு ஆணியையும் பெயர் எழுதிய சிறு பையில் இட்டு, அந்தப் பைகளைப் பெட்டிக்குள் அனுப்பாமல் உங்கள் கைப்பொதியில் எடுத்துச் செல்லுங்கள்.