முதல் கேமிங் பிசி: எதில் காசு போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது

“ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, கேமிங் பிசி ரெடி” என்ற விளம்பரத்தைப் பார்த்து முன்பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஐ7 சரி, எத்தனையாவது ஜெனரேஷன்? இரண்டாவது, மூன்றாவது என்று பதில் வந்தால் அது 2011, 2012இல் வந்த சிப். அலுவலகங்களில் கழித்துப்போட்ட கணினிகளிலிருந்து எடுத்த பிராசசரைப் புது எச்61 மதர்போர்டில் மாட்டி, பழைய வகை டிடிஆர்3 ரேம் போட்டு, ஜிடி 730 என்ற பழைய கிராபிக்ஸ் கார்டைச் செருகி, கலர் விளக்கு எரியும் கேபினட்டில் அடைத்து விற்பது பல ஊர்களில் நடக்கிறது. ஏவிஎக்ஸ்2 என்ற வசதி இன்டெலில் நான்காம் ஜெனரேஷனில்தான் வந்தது. அதைக் கட்டாயமாகக் கேட்கும் புதிய கேம்கள் இந்த செட்டில் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 11 இதில் முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது.

பிராசசர் பெயரில் தொடங்கினால் இப்படித்தான் மாட்டிக்கொள்ள நேரும். தேர்வு செய்யும் வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்: முதலில் மானிட்டர், அதற்கு ஏற்ற கிராபிக்ஸ் கார்டு, அந்தக் கார்டுக்கு ஈடுகொடுக்கும் பிராசசர், கடைசியில் இவை எல்லாவற்றையும் தாங்கும் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி). இங்கே எடுத்துக்கொள்ளும் கணக்கு, மானிட்டர், கீபோர்டு தவிர்த்து டவருக்கு மட்டும் சுமார் 60,000 ரூபாய். பாகங்களின் விலை வாரத்துக்கு வாரம் மாறும். 2025இன் கடைசி மாதங்களில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அதனால் கீழே சொல்வதில் விலையைவிட விகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மானிட்டரும் கிராபிக்ஸ் கார்டும்

இந்த பட்ஜெட்டுக்கு 24 அங்குல, 1080பி (1920x1080 புள்ளி), ஐபிஎஸ் வகைத் திரை உள்ள மானிட்டர் போதும். 1440பி திரையில் புள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 1.8 மடங்கு. அந்தச் சுமை முழுவதும் கிராபிக்ஸ் கார்டின் தலையில் விழும். வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் போன்றவை அதிகம் ஆடுபவர் 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை திரை புதுப்பிக்கும்) அல்லது அதற்கு மேல் எடுக்கலாம். கதை கேம்கள் மட்டும் ஆடுபவருக்கு 100 ஹெர்ட்ஸ் தாராளம், மிச்சமாகும் காசு கார்டுக்குப் போகட்டும்.

டவர் பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்குங்கள், 40 சதவீதம் வரை போனாலும் தப்பில்லை. கேமில் காசு கண்ணுக்குத் தெரிவது இங்கேதான். விரேம் (கார்டின் சொந்த நினைவகம்) 8 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டாம். 4 ஜிபி கார்டில் புதிய கேம்களின் டெக்ஸ்சர் (பொருட்களின் மேல் ஒட்டும் படங்கள்) நிரம்பி வழியும்போது, காட்சி சட்டென்று உறைந்து மறுபடி ஓடும். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை காட்சி) எண் நன்றாக இருந்தாலும் ஆடவே எரிச்சலாக இருக்கும்.

8 ஜிபி ஆர்எக்ஸ் 6600 இந்த வரம்பில் நம்பி எடுக்கக்கூடிய கார்டு. 132 வாட்தான் இழுக்கும், ஒரே ஒரு 8 பின் கேபிள் போதும். இன்னும் கொஞ்சம் காசு இருந்தால் 115 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 4060 பார்க்கலாம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். அதில் 4 ஜிபி விரேம், போர்டோடு சேரும் பிசிஐஇ இணைப்பில் நாலே நாலு லேன் (தரவுப் பாதை). பிசிஐஇயின் பழைய பதிப்பான 3.0 மட்டும் உள்ள போர்டில் மாட்டினால் அதன் வேகம் மேலும் சரியும். வீடியோ பதிவு செய்ய உதவும் என்கோடரும் கார்டில் கிடையாது.

பெயரிலும் கவனம் வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு கார்டுகள் உண்டு. 6 ஜிபி கார்டில் விரேம் மட்டும் குறைவில்லை, உள்ளே இருக்கும் கோர்களும் (கணக்கிடும் அலகுகள்) குறைவு. தனியாக பவர் கேபிள் கேட்காமல் 70 வாட்டில் ஓடும் என்பது அதன் நல்ல குணம். பழைய பிராண்டட் கணினியில் மாட்ட நினைப்பவருக்கு அது உதவும், புது பிசி கட்டுபவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கினால் கண்ணெதிரே ஓடவிட்டுத்தான் வாங்க வேண்டும். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து கோர் எண்ணிக்கை, மெமரி வகை இரண்டையும் அந்த மாடலின் உண்மையான எண்ணோடு ஒப்பிடுங்கள். கார்டுக்குள் இருக்கும் பயாஸ் மென்பொருளை மாற்றி எழுதிப் பழைய கார்டைப் புது மாடல் பெயரில் விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆர்எக்ஸ் 580 என்று சொல்லி, கோர் குறைந்த 2048எஸ்பி வகையைத் தலையில் கட்டுவதும் வழக்கம். பிறகு கார்டுக்கு முழுச் சுமை தரும் ஃபர்மார்க் மென்பொருளை 15 நிமிடம் ஓட்டுங்கள். திரையில் கோடோ புள்ளியோ வந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். கார்டை முதலில் வாங்கியவரின் ஜிஎஸ்டி பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள், மிச்சமிருக்கும் வாரண்டிக்கு அதுதான் ஆதாரம்.

பிராசசர், போர்டு

ஆர்எக்ஸ் 6600 அளவிலான கார்டுக்கு ஆறு கோர் போதும். ஏஎம்டி பக்கம் ரைசன் 5 5600, இன்டெல் பக்கம் ஐ5-12400எஃப். இரண்டுக்கும் ஆறு கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). பட்ஜெட் மிகவும் இறுகினால் ஐ3-12100எஃப் எடுக்கலாம், நாலு கோர்தான் என்றாலும் கேமில் தாக்குப்பிடிக்கும்.

எழுத்துகளில் ஏமாறுவது சுலபம். 5600க்கும் 5600ஜிக்கும் ஒரே எழுத்துதான் வித்தியாசம். ஆனால் 5600இல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 32 எம்பி, 5600ஜியில் 16 எம்பி. ஜி வகை பிசிஐஇ 3.0 மட்டுமே தரும். அதற்குப் பதிலாக உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. கார்டை ஆறு மாதம் கழித்து வாங்கப் போகிறவருக்கு 5600ஜி, இப்போதே வாங்குகிறவருக்கு 5600. இன்டெலில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. தனிக் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது, கார்டு பழுதானால் வாரண்டியில் திரும்பி வரும்வரை கணினியும் சும்மாதான் கிடக்கும்.

5600க்கு பி550 போர்டு சரியான ஜோடி. பி450 2018இல் வந்தது, போர்டின் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) பழையதாக இருந்தால் 5600ஐ அடையாளம் காணாது. விசிறி சுற்றும், படம் வராது. வாங்கும்போதே பயாஸ் அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள். அல்லது பிராசசர் இல்லாமலே பென்டிரைவ் மூலம் பயாஸ் ஏற்றும் பட்டன் உள்ள போர்டாகப் பாருங்கள். இரண்டு மூன்று ஆண்டு கழித்து பிராசசரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் ஏஎம்டியின் புதிய ஏஎம்5 சாக்கெட், டிடிஆர்5 ரேம் பக்கம் போவதே நல்லது. ஆனால் ரேம் விலை உயர்ந்திருக்கும் நேரத்தில் அந்தக் கூடுதல் தொகை கிராபிக்ஸ் கார்டிலிருந்துதான் பிய்த்துக்கொண்டு போகும்.

ரேம், எஸ்எஸ்டி

16 ஜிபி ஒரே குச்சியாக வேண்டாம், 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். இரண்டு சேனலும் வேலை செய்தால் பிராசசருக்குத் தரவு போகும் பாதை இரு மடங்காகும். டிடிஆர்4 என்றால் 3200 வேகம், சிஎல்16 (தாமத அளவு). நாலு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் செருக வேண்டும். முதல் இரண்டிலோ கடைசி இரண்டிலோ செருகினால் ஒரே சேனலில்தான் ஓடும். எந்த எச்சரிக்கையும் வராது என்பதால் பலர் வருடக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறார்கள்.

எஸ்எஸ்டி 1 டிபி என்விஎம்இ (வேகமான வகை) எடுங்கள். பெரிய கேம்கள் ஒவ்வொன்றும் 100 ஜிபிக்கு மேல் கேட்பதால் 256 ஜிபியில் விண்டோஸோடு ஒன்றிரண்டு கேமுக்கு மேல் இடம் இராது. எம்.2 என்ற சின்னக் குச்சி வடிவில் இருப்பதெல்லாம் என்விஎம்இ அல்ல, வேகம் குறைந்த சாட்டா வகையும் அதே வடிவில் வருகிறது. அட்டையில் என்விஎம்இ என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் அணைந்துவிடும். பழைய ஹார்டு டிஸ்க் தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை வேறு போர்ட்டில் மாற்றிப் பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ்: இங்கே மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்

கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் முதுகில் 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அதை விட்டுவிட்டு, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். +12வி என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர்? 16ஏ என்று இருந்தால் 12 பெருக்கல் 16, 192 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டிலிருந்துதான் இழுக்கின்றன. மீதி வாட் எல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் வரிகளில் காட்டிய கணக்கு, கேமுக்கு அது உதவாது. நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் இதே கட்டத்தில் 45ஏ அளவுக்கு இருக்கும், அதாவது 540 வாட்.

5600, ஆர்எக்ஸ் 6600 ஜோடி கேம் ஓடும்போது 300 வாட்டைத் தொடாது. ஆனாலும் 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்திறன் சான்றுள்ள 550 வாட் எடுங்கள். கார்டு கண நேரத்துக்குத் திடீரென்று கூடுதலாக இழுக்கும்போது தள்ளாடாமல் நிற்க அந்த இடைவெளி வேண்டும். நாளை கார்டை மாற்றினாலும் இதே எஸ்எம்பிஎஸ் கூட வரும். தரமான எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு வாரண்டி இருக்கும். மலிவானது சாகும்போது தனியாகச் சாவதில்லை, போர்டையும் கார்டையும் இழுத்துக்கொண்டு போகும் அபாயம் உண்டு. கேமின் நடுவில் நீலத்திரைகூட இல்லாமல் பட்டென்று அணைந்து ரீஸ்டார்ட் ஆனால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும்.

கூடவே வீட்டு வயரிங்கையும் பாருங்கள். கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று அடித்தால் சாக்கெட்டில் எர்த் இல்லை என்று பொருள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகி ஓட்டாதீர்கள். 600 விஏ யுபிஎஸ்களில் பெரும்பாலானவை 360 வாட்தான் தரும். மானிட்டரையும் சேர்த்தால் அது எல்லைக்கு வந்துவிடும், 1000 விஏ எடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டினால் பின்பக்கம் யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மோடில் கரண்ட் மாறும் இடைவெளி நீளம், பிசி அணைந்துவிடும்.

கேபினட்

முன்பக்கம் வலை இருக்க வேண்டும், கண்ணாடி வேண்டாம். சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரி இருக்கும்போது, அடைத்த கண்ணாடிக்குப் பின்னால் மூன்று கலர் விசிறி சுற்றியும் பயனில்லை. முன்னால் இரண்டு விசிறி உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி ஒன்று. கார்டின் நீளம் கேபினட்டுக்குள் அடங்குமா என்று மில்லிமீட்டரில் சரிபார்த்துவிடுங்கள்.

வாங்கும்போதும் பொருத்தும்போதும்

சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும், சொந்த ஊர்க் கடையில் வாங்கினாலும், முழு செட்டுக்கு விலை கேட்காமல் மாடல் எண்ணோடு எழுதிய பட்டியலைக் கொடுத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். அந்த விலை 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். பில்லில் “550 வாட் எஸ்எம்பிஎஸ்” என்று மட்டும் இருந்தால் போதாது, மாடலும் சீரியல் எண்ணும் வர வேண்டும்.

நீங்களே பொருத்துவதானால் அதிகம் பேர் திணறும் இடம் கூலர். ரைசன் 5600 பெட்டியில் வரும் கூலர் நாலு ஸ்க்ரூவில் நிற்கும். 5600 பொருந்தும் ஏஎம்4 போர்டிலோ ஏற்கெனவே இரண்டு கருப்பு பிளாஸ்டிக் தாங்கிகள் இருக்கும். அவற்றைக் கழற்றியாக வேண்டும். கழற்றும் கணத்தில் போர்டுக்குப் பின்னால் இருக்கும் உலோகத் தகடு கீழே விழும். இடக்கையால் அதைப் பிடித்துக்கொண்டு, ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் இரண்டு சுற்றாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முதலில் முழுதாக இறுக்கினால் வெப்பம் கடத்தும் பேஸ்ட் மறுபக்கம் பிதுங்கிவிடும். கூலரின் அடியில் பேஸ்ட் தடவியே வருகிறது, மேலும் தடவ வேண்டாம். பின்னொரு நாள் கழற்ற நேர்ந்தால் சற்று நேரம் கணினியை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பின் இடவலமாகத் திருகித் தூக்குங்கள். நேராக இழுத்தால் பிராசசர் கூலரோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்து அதன் பின்கள் வளையும்.

பிராசசருக்கான 8 பின் கேபிள் 4+4 என்று பிரியும், கார்டுக்கானது 6+2 என்று பிரியும். மாற்றிச் செருக அழுத்தம் கொடுக்காதீர்கள். கேபிள் தனியாகக் கழலும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால் அதன் பெட்டியில் வந்த கேபிளை மட்டும் பயன்படுத்துங்கள். வேறொன்றின் கேபிள் அப்படியே பொருந்தினாலும் உள்ளே பின் வரிசை மாறியிருக்கலாம், ஆன் செய்த நொடியில் ஹார்டு டிஸ்க்கோ போர்டோ கருகலாம்.

எல்லாம் முடிந்து படம் வரவில்லையா? எச்டிஎம்ஐ கேபிள் போர்டில் இருக்கிறதா, கார்டில் இருக்கிறதா பாருங்கள், கார்டில்தான் இருக்க வேண்டும். பிறகு ரேம் இரண்டு பக்கமும் டக்கென்று சத்தம் கேட்கும்வரை அழுந்தியிருக்கிறதா பாருங்கள். போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நாலு சின்ன விளக்கு இருந்தால், எது அணையாமல் எரிகிறதோ அங்கே கோளாறு.

படம் வந்ததும் பயாஸில் எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள். சில போர்டுகளில் அது டிஓசிபி என்ற பெயரில் இருக்கும். செய்யாவிட்டால் 3200க்குக் காசு கொடுத்து வாங்கிய ரேம் 2133இலோ 2400இலோ ஓடும். அதே பயாஸில் டிபிஎம், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் ஆனில் இருக்கட்டும், விண்டோஸ் 11இல் வாலரன்ட் இரண்டையும் கேட்கும். விண்டோஸ் ஏறியதும் டிஸ்ப்ளே செட்டிங்கில் ஹெர்ட்ஸை மாற்றுங்கள், 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் பெரும்பாலும் 60இல்தான் தொடங்கும். கடைசியாக ஒரு கனமான கேமை அரைமணி நேரம் ஓட்டி, எச்டபிள்யூ-இன்ஃபோ மென்பொருளில் வெப்பத்தைப் பாருங்கள். பிராசசர் 85 டிகிரியைத் தாண்டினால் கூலரைக் கழற்றி, பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்து மறுபடி இறுக்குங்கள். அட்டைப் பெட்டிகளை உடனே தூக்கிப் போடாதீர்கள், பழுது வருவதாக இருந்தால் முதல் சில வாரங்களில் வர வாய்ப்பு அதிகம்.