ஹார்மோனும் ஒட்டுண்ணியும்: அவசரப்பட்டு முடிவுகட்டும் இடங்கள்

“டெஸ்டோஸ்டிரோன் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும், ஈஸ்ட்ரோஜன் கூட்டும்.” ஒட்டுண்ணி நோய்களில் ஆண் பெண் வேறுபாடு பற்றிப் பேச்செடுத்தாலே இந்த வாக்கியம்தான் முதலில் வந்து நிற்கும். (டெஸ்டோஸ்டிரோன் ஆண்களிடம் மிகுந்திருக்கும் ஹார்மோன், ஈஸ்ட்ரோஜன் பெண்களிடம் மிகுந்திருக்கும் ஹார்மோன்.) முழுப் பொய்யாக இருந்தால் எளிதில் ஒதுக்கிவிடலாம். பாதி உண்மை என்பதால்தான் இவ்வளவு பேரைத் தடுமாற வைக்கிறது.

அதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது. பிளாஸ்மோடியம் சபாடி என்ற மலேரியாக் கிருமி தொற்றும்போது, சில வகைச் சுண்டெலிகளில் பெண்கள் பிழைக்கின்றன, ஆண்கள் மடிகின்றன. பெண் எலிக்கு முன்கூட்டியே டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் அதுவும் மடிகிறது. இதைப் படித்தவுடன் “எல்லா ஒட்டுண்ணிக்கும் இப்படித்தான்” என்று நீட்டிவிடுவதுதான் பெரிய தவறு.

டீனியா கிராசிசெப்ஸ் என்ற நாடாப்புழுவில் கதை அப்படியே தலைகீழ். அதன் இளம்பருவம் பெண் எலியின் வயிற்றுக்குழியில்தான் வேகமாகப் பெருகுகிறது. ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த ஈஸ்ட்ராடியால் அதற்குச் சாதகம், டெஸ்டோஸ்டிரோன் பாதகம். தொற்று நீடிக்கும் ஆண் எலியின் உடலிலோ ஈஸ்ட்ராடியால் பல மடங்கு ஏறி, டெஸ்டோஸ்டிரோன் சரிந்துவிடுகிறது. ஹார்மோன் நோயை மாற்றுவது போலவே நோயும் ஹார்மோனை மாற்றுகிறது. எனவே நோயாளியின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருப்பதைப் பார்த்து, அதனால்தான் நோய் வந்தது என்று முடிவுகட்டக் கூடாது. எது முன், எது பின் என்று பார்க்க வேண்டும். இந்தப் புழுவின் மீது ஈஸ்ட்ராடியால் நேரடியாகவே வேலை செய்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. எல்லா விளைவும் எதிர்ப்பு சக்தி வழியாகத்தான் வர வேண்டும் என்பதில்லை.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டிக் குறைக்கும் குழாய் மாதிரி நினைப்பதில்தான் இந்தக் குழப்பம் தொடங்குகிறது. செல்லுக்குள் ஒளியும் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியை அழிக்க ஒருவகைத் தாக்குதல் வேண்டும். குடற்புழுவை வெளியேற்றப் பெரும்பாலும் வேறுவகை வேண்டும். ஒன்று ஓங்கினால் மற்றது பெரும்பாலும் தணியும். அளவும் முக்கியம். மாதவிடாய்ச் சுழற்சியில் காணும் ஈஸ்ட்ரோஜன் அளவும் கர்ப்பகால அளவும் எதிர்ப்புச் செல்களை ஒரே பக்கம் தள்ளுவதில்லை.

சரி, கர்ப்பிணிக்கு மலேரியா கடுமையாவது ஹார்மோனால்தானே? அங்கேயும் நிதானம் தேவை. பால்சிபரம் என்ற மலேரியாக் கிருமி புகுந்த சிவப்பணுக்கள் நஞ்சுக்கொடியில் ஒட்டிக்கொள்ள ஒரு தனிப் புரதத்தைக் காட்டுகின்றன. முதல் கர்ப்பத்தில் அதற்கு எதிரணுக்கள் இருப்பதில்லை. மலேரியா தொடர்ந்து பரவும் பகுதிகளில் அடுத்தடுத்த கர்ப்பங்களில் அவை உருவாகிவிடுவதால் பாதிப்பு குறைகிறது. ஹார்மோன் மட்டுமே காரணமென்றால் ஒவ்வொரு கர்ப்பமும் ஒரே மாதிரி அல்லவா இருக்க வேண்டும்!

இன்னொரு பக்கம், வித்தியாசம் முழுவதையும் வெளிவேலையின் தலையில் போட்டுவிடுபவர்களும் உண்டு. வயலில் யார் நிற்கிறார்கள், நீரில் யார் இறங்குகிறார்கள் என்பது உண்மையிலேயே பெரிய காரணம்தான். ஆனால் அமீபா குடலில் இரு பாலரிடமும் ஏறத்தாழ சமமாகத் தொற்றினாலும், கல்லீரல் சீழ்க்கட்டி வயது வந்த ஆண்களுக்கே பல மடங்கு அதிகம். சிறுவர்களிடம் அந்த இடைவெளி இல்லை. பருவமடைந்த பிறகு தோன்றும் வேறுபாடு ஹார்மோனைச் சந்தேகிக்க நல்ல காரணம். பருவ வயதில் வேலையும் பழக்கமும் மாறுவதால், அது சந்தேகமாகவே நிற்கிறது, நிரூபணம் ஆகாது. குரோமோசோமும் கணக்கில் வர வேண்டும்: எதிர்ப்பு சக்தி தொடர்பான பல மரபணுக்கள், பெண்களுக்கு இரண்டும் ஆண்களுக்கு ஒன்றுமாக இருக்கும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன.

இதையெல்லாம் படித்துவிட்டு ஹார்மோன் மாத்திரையில் கைவைக்க வேண்டாம். ஒட்டுண்ணி நோய்க்கு மருந்து ஒட்டுண்ணிக்கு எதிரான மருந்துதான்.

அப்புறம், ஆய்வுச் செய்தி எதையாவது பார்த்தால், சோதித்தது எலியையா மனிதரையா, ஆண் பெண் முடிவுகளைத் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். பெண் எலிகளை மட்டும் வைத்துச் செய்த சோதனை ஆண்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.